இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று

இரண்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு, வயிற்றில் இன்னொன்றையும் சுமந்துகொண்டு நாடு மாறப் போகிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் மகளைப் பற்றித்தான் கேட்டார்கள். விமானத்தில் அழுவாளா, தூங்குவாளா, சாப்பிடுவாளா, புது ஊர் ஒத்துக்கொள்ளுமா. என்னைப் பற்றிக் கேட்டவர் மகப்பேறு மருத்துவர் ஒருவர்தான். எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்து நடக்க முடியுமா, பெட்டியை யார் தூக்குவார்கள், போய்ச் சேர்ந்ததும் யாரிடம் காட்டப் போகிறாய் என்று அவர் கேட்டுக்கொண்டே போனதில் மகள் கடைசியில்தான் வந்தாள். இப்போது இங்கே வந்து, இரண்டாவது பிள்ளையும் பிறந்து, வீடு ஓரளவு ஒழுங்குக்கு வந்தபிறகு சொல்கிறேன், அந்த வரிசைதான் சரி. தாயின் உடம்பு முதலில், குழந்தை அடுத்து, மற்றதெல்லாம் அதற்கப்புறம். நடுவழியில் நீங்கள் சாய்ந்துவிட்டால் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள வேறு ஆள் கிடையாது.

என் கணவர் வேலையில் சேர முன்னாலேயே போய்விட்டார், நாங்கள் விசாவுக்காகக் காத்திருந்தோம். புலம்பெயரும் பல குடும்பங்களில் இப்படித்தான் நடக்கிறது, அதனால் தாய் தனியாகத்தான் குழந்தையோடு பறக்க வேண்டியிருக்கிறது. இதில் பெரிய தொல்லை, விசா கோப்பு அதன் போக்கில் நகரும், வயிறு அதன் போக்கில் வளரும். பயணத்துக்கு வசதியான காலம் 14 வாரத்திலிருந்து 28 வாரம் வரை. மசக்கை அடங்கியிருக்கும், மூச்சு வாங்குவது இன்னும் அதிகமாகியிருக்காது. சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் அதற்கப்புறமும் பறக்கலாம், ஆனால் பல விமான நிறுவனங்கள் 28 வாரம் தாண்டினால் மருத்துவர் கடிதம் கேட்கும். ஒற்றைப் பிள்ளை என்றால் 36 வாரத்துக்குப் பிறகும் இரட்டை என்றால் 32 வாரத்துக்குப் பிறகும் பெரும்பாலும் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும், வழியில் வேறு நிறுவனத்தின் விமானத்துக்கு மாறுவதாக இருந்தால் இரண்டின் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள், கொஞ்சம் கூடுதல் செலவானாலும். பயணக் காப்பீட்டில் கர்ப்பச் சிக்கல்களை எத்தனையாவது வாரம் வரை ஏற்பார்கள் என்று எழுதியிருக்கும், அதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

காகிதங்கள் விஷயத்தில் நான் ரொம்பக் கறாராக இருந்தேன், இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஸ்கேன் அறிக்கைகள், ரத்தப் பரிசோதனைகள், ரத்த வகை, பிரசவத் தேதி, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் எல்லாம் ஒரே கோப்பில், கையிலேயே இருக்க வேண்டும், சரக்குப் பெட்டிக்குள் போகக் கூடாது. குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள் எடுப்பது. அது கிளம்பும் சமயத்தில் விழுந்தால் எடுத்துவிட்டே கிளம்புங்கள், புது நாட்டில் முதல் சந்திப்பு கிடைக்கவே நாளாகலாம். உங்கள் ரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் (ரத்த வகையின் பெயரோடு நெகட்டிவ் என்று எழுதியிருப்பது) என்றால் 28 வாரத்தை ஒட்டி ஒரு ஊசி போடுவார்கள், வந்திறங்கிய அலைச்சலில் அது விட்டுப்போக வாய்ப்பு அதிகம். போகும் நாட்டுக்கு ஏதாவது தடுப்பூசி தேவையா என்று சீக்கிரமே கேட்டுவிடுங்கள், மஞ்சள் காய்ச்சல், எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது) போன்ற உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசிகளைக் கர்ப்பத்தில் பொதுவாகத் தவிர்ப்பார்கள். பெரிய குழந்தையின் தடுப்பூசி அட்டை, அவளுடைய பிறப்புச் சான்றிதழ், அப்பா கூட வராததால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், இவையும் அதே கோப்பில். சில எல்லைகளில் அந்தக் கடிதத்தைக் கட்டாயம் கேட்கிறார்கள்.

விமானத்துக்கு வருவோம். இரண்டு வயது நிரம்பாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம், இரண்டு ஆகிவிட்டால் தனி சீட் வாங்கியே ஆக வேண்டும். என் மகளுக்கு ஆகிவிட்டது, எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஆறாம் மாதத்தில் வயிறு இருக்கிற இடத்தில் இன்னொரு பிள்ளைக்கு மடி எங்கே இருக்கிறது? வயது நிரம்பவில்லை என்றாலும் பணம் கூடிவந்தால் தனி சீட் எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். முன்சுவரில் மாட்டும் தொட்டில் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு போக வேண்டாம், அதற்கு எடை வரம்பு உண்டு, நடக்கத் தொடங்கிய பிள்ளைகள் பெரும்பாலும் அதில் அடங்க மாட்டார்கள். அந்த முன்வரிசையில் இன்னொரு சங்கடம், எதிரே சீட் இல்லாததால் பையைக் காலடியில் வைக்க விட மாட்டார்கள், விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தையின் பால், டயப்பர், பொம்மை எல்லாம் தலைக்கு மேலே போய்விடும். நான் சாதாரண வரிசையில் நடைபாதை ஓரத்து சீட்டை எனக்கு எடுத்துக்கொண்டு மகளை உள்ளே வைத்துக்கொண்டேன். சீட் பெல்ட்டை வயிற்றுக்கு மேலே போடக் கூடாது, வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பை ஒட்டிப் போட வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடுகிறது, பிரசவத்தில் அதிக ரத்தம் போகாமல் இருக்க உடம்பு செய்யும் ஏற்பாடு அது. அதோடு மணிக்கணக்கில் காலை மடக்கி உட்கார்ந்தால் காலின் ஆழமான நாளங்களில் ரத்தக் கட்டி உருவாகும் அபாயம் இன்னும் கூடும், அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. தீர்வு எல்லோருக்கும் தெரிந்ததுதான், தண்ணீர் குடி, ஒரு மணி இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நட, மருத்துவர் சொன்ன அளவில் இறுக்கமான காலுறை போடு. ஆனால் சின்னக் குழந்தையோடு தனியாகப் போகும் தாய் இந்த மூன்றையும் செய்வதில்லை, ஏன் என்று கூட வந்து பார்த்தால்தான் புரியும். நெடுநேரம் அழுது அடம்பிடித்த பிள்ளை கடைசியில் உங்கள் தொடைமேல் தலைவைத்துத் தூங்குகிறது, அசைந்தால் விழித்துக்கொள்ளும், அதனால் கால் மரத்துப்போனாலும் அப்படியே இருப்பீர்கள். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் பிள்ளையை யாரிடம் விடுவது, அதனால் தண்ணீரைக் குறைத்துக்கொள்வீர்கள். ஒன்றின்மேல் ஒன்றாக எல்லாமே தாயின் உடம்புக்கு எதிராகப் போகிறது, அவளோ பிள்ளை தூங்கிவிட்டது என்று சந்தோஷப்படுகிறாள்.

ஆகவே ஏறியதுமே விமானப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள், நான் கர்ப்பமாக இருக்கிறேன், கூட வேறு யாரும் இல்லை, கழிவறைக்குப் போகும்போதும் நடக்கும்போதும் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. எல்லா நேரமும் அவர்களால் முடியாது, ஆனால் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நினைவில் வைத்திருந்து வருவார்கள். பக்கத்து சீட்டில் இருப்பவரிடமும் கேளுங்கள். பிள்ளை தூங்கும்போது தலையை உங்கள் தொடையில் வைக்காமல் அதன் சீட்டிலேயே சுருட்டிய போர்வைமேல் வையுங்கள், உங்கள் கால்கள் உங்களிடமே இருக்கட்டும். எழ முடியாதபோது கணுக்காலைச் சுழற்றுங்கள், குதிகாலையும் விரல்களையும் மாற்றி மாற்றித் தூக்குங்கள். விழித்திருக்கும்போது பிள்ளையையே நடைக்குத் துணையாகக் கூட்டிக்கொள்ளலாம், என் மகள் ஒவ்வொரு வரிசையாக விரலால் தொட்டுக்கொண்டே கடைசிவரை போய்த் திரும்புவாள், அவளுக்கு விளையாட்டு, எனக்கு ரத்த ஓட்டம்.

தூங்க வைக்கச் சளி மருந்து கொடுத்துவிடு என்று சிலர் அன்போடு சொல்வார்கள். வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு அது பாதுகாப்பில்லை, சில பிள்ளைகளுக்குத் தூக்கத்துக்குப் பதில் படபடப்பும் துள்ளலும்தான் வரும். இறங்கத் தொடங்கும்போது காதுவலி வரும் என்பதால் அதற்குக் கொஞ்சம் முன்னால் எழுப்பி ஏதாவது உறிஞ்சிக் குடிக்கக் கொடுங்கள், விழுங்கும்போது காது அடைப்பு விடும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதைப் போன்றது, ஆரோக்கியமான கர்ப்பத்துக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் ரத்தசோகை கடுமையாக இருந்தால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும்.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேளுங்கள், டிக்கெட்டோடு முன்பதிவு செய்துவிடலாம். கூச்சப்பட ஒன்றுமே இல்லை, நீண்ட நடை, தோளில் பை, ஓடும் பிள்ளை மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்ட்ரோலரை விமான வாசல்வரை தள்ளிப் போகலாம், ஆனால் இடையில் விமானம் மாறும் இடத்தில் அது வாசலுக்கே திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், சில நேரம் கடைசி ஊரில்தான் கைக்கு வரும். பாதுகாப்புச் சோதனையில் நாம் கடந்துபோகும் வாசலாலும் உடல் ஸ்கேனராலும் வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கில்லை, மனம் ஒப்பவில்லை என்றால் கையால் சோதிக்கக் கேட்கலாம். குழந்தையின் பாலுக்கு 100 மில்லி வரம்பைப் பெரும்பாலும் தளர்த்துவார்கள், பையிலிருந்து வெளியே எடுத்துக் காட்டிச் சொன்னால் போதும். குடியேற்ற வரிசை நீளமாக இருந்தால் அங்கே நிற்கும் அலுவலரிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள், பல இடங்களில் கர்ப்பிணிகளையும் சின்னப் பிள்ளையோடு வருபவர்களையும் முன்னால் அனுப்புகிறார்கள்.

வந்து சேர்ந்துவிட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தால் இல்லை. என் மகளுக்கு அப்பா என்றால் போன் திரைக்குள் இருப்பவர். வாசலில் முழு ஆளாக நின்றவரிடம் அவள் போகவே மாட்டேன் என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், இறக்கிவிட்டால் அலறல். அவர் கண் கலங்கியது எனக்கு இன்றும் வேதனைதான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நான்தான் செய்ய வேண்டும் என்று பல நாள் அடம், அதுவும் நேரம் மாறிய உடம்போடு நடுராத்திரியில் விழித்து விளையாட அழைக்கும் பிள்ளை. உடம்பு புது நேரத்துக்குப் பழக, மாறிய ஒவ்வொரு மணிக்கும் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் என்பார்கள். காலையில் வெளிச்சத்தில் இரண்டு பேரும் வெளியே நடப்பது நிஜமாகவே உதவியது, அப்புறம் ராத்திரி முழிப்பைக் கணவரிடம் விட்டேன். அழுதாலும் அவரிடமே. அப்படித்தான் அவர்கள் இருவரும் பழகினார்கள்.

அந்த வாரங்களில் என் சொந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட எல்லாக் காரணமும் இருந்தது. சர்க்கரைப் பரிசோதனை 24 முதல் 28 வாரத்துக்குள் செய்வது, சரியாக வீடு அமைக்கும் நாட்களில்தான் வந்து விழுந்தது. வங்கிக் கணக்கு, வீட்டு ஒப்பந்தம் எல்லாம் காத்திருக்கலாம், கர்ப்பப் பதிவுதான் முதல் வேலை. பல நாடுகளில் சிக்கல் இல்லாத கர்ப்பத்தை மருத்துவர் பார்ப்பதில்லை, பயிற்சி பெற்ற பேறுகாலச் செவிலியர்தான் பார்க்கிறார், அதைக் குறைவாக எண்ண வேண்டாம். மொழி தெரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், கணவர் வழியாக மட்டுமே பேசினால் சில விஷயங்கள் வாயில் வரவே வராது. ரத்தம் போகிறது, பனிக்குடம் உடைந்தது, பிள்ளை அசைவு குறைந்திருக்கிறது, இந்த மூன்றையும் அந்த ஊர் மொழியில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும். விமானம் ஏறிய பயணத்தால் வரும் கட்டி இறங்கிச் சில வாரம் கழித்தும் வெளிப்படலாம்.

எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாத கேள்வி ஒன்று உண்டு. வலி வந்தால் பெரியவளை யார் வைத்துக்கொள்வார்கள்? அம்மா பக்கத்தில் இல்லை, அக்கா தங்கை இல்லை. கணவர் அவளோடு வீட்டில் இருந்தால் நான் தனியாகப் பெற வேண்டும், அவர் என்னோடு வந்தால் அவள் முன்பின் தெரியாதவர் கையில். வயிறு பெரிதாகும் முன்பே இதற்கு ஆள் தேட வேண்டும். குழந்தைகளைக் கூட்டிவரும் பூங்கா, நூலகத்துக் கதை நேரம் இந்த இடங்களில்தான் எனக்கு ஒரு தோழி கிடைத்தாள், அவளுக்கும் இதே வயதில் பிள்ளை. முதலில் அவள் வீட்டில் மகளோடு நானும் இருந்தேன், அப்புறம் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு வந்தேன், பிறகு ஒரு ராத்திரி தூங்கவும் விட்டோம். அவளால் முடியாத நாளுக்கு இரண்டாவதாக ஒருவரையும் கேட்டு வைத்தோம். இரண்டு பேரிடமும் வீட்டுச் சாவி, மகளின் மாற்றுத்துணி, எதற்கு அழுவாள், எதைக் கொடுத்தால் அடங்குவாள் என்று எழுதிய தாள் இருந்தன. ராத்திரி எந்த நேரமானாலும் போன் செய் என்று அவர்களாகவே சொல்லும்வரை விடாதீர்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.