பலாமரத்திலிருந்து எட்டடி

ஸ்காபரோவில் ஒரு வீட்டு முன்புறப் புல்வெளியில், நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் தேடும் ரிசீவரை இடமும் வலமும் அசைத்தபடி நான் நடந்துகொண்டிருக்க, வாசலுக்கு வந்த ஆச்சி ஒருவர் படியிலேயே நின்று, "தம்பி, இஞ்சையுமோ?" என்றார். நான் குத்தியிருந்த சின்னக் கொடிகளைக் கண்டதும் அவருக்கு ஊரில் மிதிவெடி அகற்றிய முகமாலை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மிதிவெடி இல்லை, எரிவாயுக் குழாய்தான் என்று விளங்கப்படுத்திய பிறகே புல்லில் கால் வைத்தார். பிறகு தேநீரும் வந்தது.

ஒன்ராறியோவில் வேலிக்குக் கம்பம் நடுவதென்றாலும் முதலில் 'ஒன்ராறியோ வன் கோல்' நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டுச் சட்டம். அதன் பின் என்னைப் போன்றவர்கள் வந்து, மின்சாரத்துக்குச் சிவப்பும், எரிவாயுவுக்கு மஞ்சளும், தொலைபேசி இணையக் கம்பிகளுக்கு ஆரஞ்சும், தண்ணீருக்கு நீலமும், கழிவுநீருக்குப் பச்சையுமாகக் கோடிழுத்துவிட்டுப் போவோம். ஊரில் இதைச் சொன்னதிலிருந்து எனக்கு 'நீரோட்டம் பார்க்கிறவர்' என்று பெயர். கிணறு வெட்ட இடம் பார்ப்பவர் கவைக்குச்சியோடு வளவைச் சுற்றுவதைக் கண்டு வளர்ந்தவர்களிடம் வேறென்ன பெயர் கிடைக்கும்?

பிளாஸ்டிக் எரிவாயுக் குழாயைக் கருவி தானாகக் கண்டுபிடிக்காது. குழாயோடு சேர்த்துப் புதைத்திருக்கும் செப்புக் கம்பியில் ஒரு முனையைக் கவ்வவைத்து, மறுமுனையை நிலத்தில் குத்திய ஆணியில் பூட்டி மின் சிக்னலை அனுப்ப வேண்டும். கோடையில் மண் காய்ந்து சிக்னல் மங்கினால், ஆணியடியில் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றுவோம். அந்தக் கம்பி அறுந்திருந்தால் பழைய வரைபடமே கதி. என் மனத்தாங்கலெல்லாம் அந்த வரைபடங்களோடுதான். வீட்டு மூலையிலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். அந்த மூலையோ வீட்டைப் பெருப்பித்தபோதே காணாமற் போயிருக்கும்.

குளிரும் பழகிவிட்டது, ரொறன்ரோக் களிமண்ணும் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அப்படியொரு தாளோடு அந்நியர் வளவில் நிற்கும்போது மனம் எங்கள் பின்வளவுக்குப் போய்விடுகிறது. 1995 ஒக்டோபர் 30 அன்று போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டுப் புறப்படுமுன், அப்பா நகைகளை ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டுப் புதைத்து, "பலாமரத்திலிருந்து வடக்கால எட்டடி" என்று எங்களைத் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தார். அடுத்த ஆண்டு திரும்பியபோது பலாமரம் நின்ற சுவடே இல்லை, மதிலும் இல்லை. கிணற்றுக்கட்டு மட்டும் அசையாமல் இருந்தது. அசையாத இரண்டு இடங்களிலிருந்து அளவெடுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஓடப்போகும் மனிதரிடம் அதை யார் எதிர்பார்ப்பது? வளவு முழுக்கக் கிண்டியும் ஒன்றும் அகப்படவில்லை. யாரோ முந்திவிட்டார்கள் என்பது சித்தப்பாவின் கட்சி.

அம்மா இன்னும் நம்பிக்கையை விடவில்லை. அடுத்த முறை வரும்போது அந்தக் கருவியையும் கொண்டுவரச் சொல்கிறார். கம்பி பூட்டி மின் சிக்னலை அனுப்பினால்தான் அது வேலை செய்யும், எங்கே கிடக்கிறதென்றே தெரியாத தாலிக்கொடியில் எப்படிப் பூட்டுவது என்று பொறுமையாக விளக்கினேன்.

"இருக்கிற இடம் தெரிஞ்சாப் பிறகு உந்த மிசின் என்னத்துக்கடா?" என்றார்.