144ன்னா இப்ப ஜீவனாம்சம்

போன வாரம் பென்னாகரம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிட்டு ஆபீசுக்கு வந்துச்சு. மருமகன் விட்டுட்டுப் போயி ரெண்டு வருஷம், பத்து பைசா அனுப்பல. எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டு, சரிம்மா 144ல ஒரு பெட்டிஷன் போட்டுடலாம்னு சொன்னேன், அவ்ளோதான், அந்தம்மா மூஞ்சியே மாறிடுச்சு. "வக்கீலம்மா, 144லாம் வேணாங்க, எங்க ஊர்ல சண்ட சச்சரவு ஒண்ணும் இல்ல, போலீசு வண்டி வந்து நின்னா மானம் போயிடும், புள்ளைங்க சோத்துக்கு மட்டும் வாங்கிக் குடுங்க போதும்"ங்குது. நம்ம மாவட்டத்துல 144 போட்டு பஸ் ஓடாம கிடந்த நாளெல்லாம் பாத்தவங்க, வேற என்ன நினைப்பாங்க. ஜீவனாம்சத்துக்கு இருந்த பழைய 125தாம்மா இப்ப 144 ஆயிடுச்சு, அந்தத் தடை உத்தரவு 144 இப்ப 163ன்னு புரிய வைக்கறதுக்குள்ள ஒரு டீ ஆறிப் போச்சு.

2024 ஜூலை 1ல இருந்து இதே பொழப்பா இருக்கு. குற்றம், தண்டனை சொல்ற ஐபிசி போயி பிஎன்எஸ், போலீஸ், கோர்ட் நடைமுறை சொல்ற சிஆர்பிசி போயி பிஎன்எஸ்எஸ், சாட்சியத்துக்கான எவிடன்ஸ் ஆக்ட் போயி பிஎஸ்ஏ. கொலைக்கு 302 இப்ப 103, மோசடிக்கு 420 இப்ப 318, இதெல்லாம் கூட மனப்பாடம் பண்ணிடலாம், ஆனா பழைய நம்பரே வேற வேலைக்கு வந்து உக்காந்திருக்கு பாருங்க, அதுதான் ஆளைக் கவுத்துது. 482ன்னா எஃப்ஐஆரை குவாஷ், அதாவது ரத்து, பண்ண ஹைகோர்ட்டுக்குப் போறதுன்னு இத்தனை வருஷம் ஊறிப் போனது, இப்ப 482ன்னா முன்ஜாமீன், குவாஷ் 528க்குப் போயிடுச்சு. நானே ஒரு முன்ஜாமீன் மனுவை பழைய டெம்ப்ளேட்டை எடுத்து பழைய நம்பர் 438ன்னே அடிச்சுக் குடுத்து, ரிட்டர்ன் வாங்கிட்டு வந்து நின்னிருக்கேன். சீனியர் ஒண்ணும் சொல்லல, சிரிச்சாரு, அது இன்னும் வலிச்சுது.

இதுல பழசையும் தூக்கிப் போட முடியாது. ஜூலைக்கு முன்னாடியே நடந்துக்கிட்டிருந்த கேஸ் பழைய சிஆர்பிசிலயே ஓடும், குற்றம் ஜூன்ல நடந்து எஃப்ஐஆர் ஆகஸ்ட்ல போட்டிருந்தா குற்றத்துக்கு ஐபிசி, நடைமுறைக்கு பிஎன்எஸ்எஸ். ஒரே நாள்ல காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னு ரெண்டு புஸ்தகத்தையும் தூக்கிட்டு அலையறோம்.

நம்பர் மாறினது கூட பழகிடும். நிஜமாவே மாறின விஷயம் எங்க இருக்குன்னா வீடியோ மாதிரி எலக்ட்ரானிக் சாட்சியத்தோட குடுக்கற பழைய 65பி சர்டிபிகேட்ல. இப்ப அது பிஎஸ்ஏ 63, சட்டத்தோட பின்னாடியே படிவம் குடுத்திருக்காங்க, பார்ட் ஏ வீடியோவைக் குடுக்கறவர் போடணும், பார்ட் பி எக்ஸ்பர்ட் போடணும், ஹேஷ் வேல்யூவும் (ஃபைல் மாறலன்னு காட்டற, கைரேகை மாதிரி ஒரு குறியீடு) வேணும். எழுதிப் படிக்க நல்லாத்தான் இருக்கு. தொப்பூர் கணவாய்ல ஒரு ஆக்சிடென்ட் கேசுக்கு ரோட்டோர பஞ்சர் கடை சிசிடிவிதான் எங்களுக்கு உயிரு, பழைய ரெக்கார்டிங் மேலயே புதுசு ஏறிடும்னு அவசர அவசரமா ஓடினேன். வீடியோவை பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்த அண்ணன், கையெழுத்துன்னதும் "இதுல போட்டா என்னையும் கோர்ட்டுக்குக் கூப்பிடுவாங்களாம்மா?"ன்னு கேட்டாரு. கூப்பிடலாம்ணான்னு உண்மையச் சொல்லிட்டேன். டியூப தண்ணித் தொட்டில முக்கி குமிழி வருதான்னு பாத்துக்கிட்டே, சாயந்தரம் வாங்க, வீட்ல கேட்டுச் சொல்றேன்னாரு. மூணு சாயந்தரம் போனேன். நாலாவது நாள் போட்டாரு.

அப்புறம் ஹேஷ். எஸ்ஹெச்ஏ 256ங்கற முறைல போட்டா 64 எழுத்து, காப்பி பேஸ்ட் பண்ணாம பிரிண்ட்டைப் பாத்து கையால அடிச்சேன் (ஏன்னு கேக்காதீங்க, கரண்ட் இல்ல, லேப்டாப்ல சார்ஜ் இல்ல, பக்கத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்). ராத்திரி வீட்ல உக்காந்து ஒவ்வொண்ணா விரல் வெச்சு சரி பாத்தா 8 வர வேண்டிய இடத்துல பி. அப்படியே போயிருந்தா எதிர்த்தரப்பு வக்கீலு, இது அந்த வீடியோவே இல்லன்னு ஒரே வரில முடிச்சிருப்பாரு.

ஆக்சிடென்ட்னதும் ஞாபகம் வருது, எம்சிஓபி, அதாவது விபத்து நஷ்ட ஈட்டு மனு, போட ஆறு மாசம்தான்னு 2022 ஏப்ரல்ல இருந்து மோட்டார் வாகனச் சட்டம் 166ல மூணாவது உட்பிரிவு வந்துச்சுல்ல, அது எனக்கு ஆரம்பத்துல இருந்தே ஒப்பல. கால் உடைஞ்சு பிளேட் வெச்சுப் படுத்திருக்கறவன் ஆறு மாசத்துல எந்திரிச்சு நடக்கறதே பெருசு, அவன் எங்க வக்கீலைத் தேடறது. 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் இடைக்காலமா, காலம் கடந்துடுச்சுன்னு எந்த மனுவையும் தள்ளக் கூடாதுன்னு சொன்னது பெரிய நிம்மதி. இறுதித் தீர்ப்பு எப்படி வந்தாலும், இந்த மாதிரி கேஸ் கட்டு கைல வெச்சிருக்கற வக்கீலுங்க அதை நம்பி மெத்தனமா இருக்காம சீக்கிரம் போட்டுடுங்க.

செக் கேஸ் பாக்கறவங்களுக்கு ஒண்ணு. பிஎன்எஸ்எஸ் 223 வந்ததும், காக்னிசன்ஸ் எடுக்கறதுக்கு (கோர்ட் புகாரை விசாரணைக்கு ஏத்துக்கறதுக்கு) முன்னாடியே எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, நோட்டீஸ் குடுக்கணுமான்னு எல்லாரும் குழம்பினோம். 2025 செப்டம்பர்ல சஞ்சபிஜ் தாரி கேஸ்ல செக் பவுன்ஸுக்கான 138க்கு அது வேண்டாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. சமாதானம் ஆகறதுக்கும் கணக்கு மாறிடுச்சு, எதிரி தரப்பு சாட்சியம் பதிவாகறதுக்கு முன்னாடியே கட்டிட்டா கூடுதல் செலவுத் தொகை இல்ல, அதுக்கப்புறம் தீர்ப்புக்கு முன்னாடி கட்டினா செக் தொகைல 5 சதவீதம், செஷன்ஸ்லயும் ஹைகோர்ட்லயும் 7.5, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் இழுத்தா 10. இழுத்தடிக்கற எதிரிக்கு இந்தக் கணக்கைக் காட்டினா முதல் வாய்தாவுலயே பேச ஆரம்பிக்கறான்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் கிரிமினல் பாக்கற நண்பர்களுக்கு மிஹிர் ராஜேஷ் ஷா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, 2025 நவம்பர். எந்தக் குற்றமா இருந்தாலும் கைதுக்கான காரணத்தை எழுத்துல, கைதானவனுக்குப் புரியற மொழில குடுக்கணும், அப்பவே முடியலன்னா ரிமாண்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியாவது. ஓசூர்ல தெலுங்கு, கன்னடம், கம்பெனி வேலைக்கு வந்த இந்திப் பசங்கன்னு கலந்து கிடக்கற ஊரு, தமிழ்ல ஒரு பேப்பரை நீட்டி கையெழுத்து வாங்கினா செல்லாது. ரிமாண்ட் அன்னைக்கு முதல்ல அந்தப் பேப்பரைக் கேளுங்க. 2025 நவம்பர் 21ல இருந்து நாலு லேபர் கோடும் (புது தொழிலாளர் சட்டங்கள்) வந்துடுச்சு, அது ஓசூர்க்காரங்க தலவலி, அவங்களே எழுதட்டும்.

அந்தப் பென்னாகரத்து அம்மா நேத்து போன் பண்ணுச்சு. "ஏம்மா, அந்த 144 போட்டாச்சா?"ன்னு சத்தமா கேக்குது, பின்னாடி பஸ் ஸ்டாண்ட் சத்தம், யாரோ என்னாச்சு என்னாச்சுன்னு பதறி விசாரிக்கறாங்க.