மூன்று படி இறங்கினால் ஒரு முகவரி: என் எமுலேட்டரில் மெய்நிகர் நினைவகம்

இயங்குதளத்தின் மையமான கெர்னல் துவங்குகிறது என்று அறிவிக்கும் ஒற்றை வரி திரையில் வந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. கணினியின் விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. ஒரு செயலியைப் போல நடிக்கும் நிரலான என் எமுலேட்டர் நின்றுவிடவில்லை, ஏதோ ஒரு கட்டளையை விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தது என்பதற்கு அந்த இரைச்சல்தான் அடையாளம்.

சில மாதங்களாகச் சி மொழியில் 64 பிட் ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கு எமுலேட்டர் எழுதி வருகிறேன். இந்தக் கட்டளைத்தொகுதியின் விவரக்குறிப்பு எவரும் படிக்கலாம் என்று திறந்தே கிடக்கிறது. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளும் இதன்மேல்தான் கட்டப்பட்டவை. கூட்டல், தாவல், டைமர், தொடர் முனையம் எல்லாம் முடிந்து, மெய்நிகர் நினைவகம்தான் மிச்சமிருந்தது: நிரல் காணும் மெய்நிகர் முகவரியை, அட்டவணைகளைப் பார்த்துப் பக்கம் பக்கமாக நினைவகத்தின் மெய் முகவரியாக மாற்றும் வேலை. ஓட்டிப் பார்க்க எம்ஐடி மாணவர்களுக்குப் பாடமாக வைக்கும் எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளத்தை எடுத்துக்கொண்டேன். அதன் கெர்னலை முழுவதும் படித்துவிட முடியும். ஏதாவது தவறினால் பிழை என் பக்கமா அதன் பக்கமா என்று மூலத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

அப்படி மாற்றும் எஸ்வி39 என்ற முறையின் பெயரிலேயே கணக்கு இருக்கிறது. முகவரியில் 39 பிட்டுகள் பயனில் உள்ளன. கடைசி 12 பிட்டுகள் 4096 பைட் பக்கத்துக்குள் எந்த இடம் என்பதைச் சொல்கின்றன. மீதமுள்ள 27 பிட்டுகளை ஒன்பது ஒன்பதாக மூன்று கூறாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கூறும் 512 பதிவுகள் கொண்ட ஓர் அட்டவணையில் எத்தனையாவது பதிவைப் பார்ப்பது என்பதைக் காட்டும் எண்; முதல் இரண்டு பதிவுகள் அடுத்த அட்டவணைக்கும், மூன்றாவது பக்கத்துக்கும் வழிகாட்டும். ஒரு பதிவு 8 பைட். 512 பதிவுகள் சேர்ந்தால் சரியாக ஒரு பக்கம். எவ்வளவு அழகான பொருத்தம்!

நிரல் எழுதும் முன் சில முகவரிகளைத் தாளில் பிரித்துப் பார்த்தேன். கெர்னல் உட்காரும் இடம் பதினாறு நிலை எண்ணில் 80000000. மூன்று கூறுகளும் 2, 0, 0 என்று வந்தன. தொடர் முனையம் இருக்கும் 10000000 என்பது 0, 128, 0 ஆனது. சாதாரண நிரல்கள் ஓடும் பயனர் நிலைக்கும் கெர்னலுக்கும் இடையே தாண்டுவதற்கு எக்ஸ்வி6 வைத்திருக்கும் 'டிராம்போலின்' பக்கம் 255, 511, 511. முதல் எண் ஏன் 511 ஆகவில்லை என்று சற்று நேரம் விழித்தேன். அந்த 39க்கு மேலுள்ள பிட்டுகள் எல்லாம், 0இலிருந்து எண்ணினால் அவற்றில் உச்சியிலுள்ள 38ஆம் பிட்டின் நகலாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தொல்லையே வேண்டாம் என்று எக்ஸ்வி6 கீழ்ப்பாதியோடு நிறுத்திக்கொள்கிறது.

இந்தக் கணக்கை நிரலாக்க நாற்பது வரிகள் போதும். இடறும் இடம் ஒன்று உண்டு: அட்டவணைப் பதிவில் பக்க எண் 10ஆம் பிட்டில் தொடங்குகிறது, ஆனால் மெய் முகவரியில் அது 12ஆம் பிட்டில் உட்கார வேண்டும். பத்து வலப்பக்கம் நகர்த்தி, பன்னிரண்டு இடப்பக்கம் நகர்த்த வேண்டும்.

அந்த மௌனத்துக்கு வருகிறேன். முகவரியை மாற்ற முடியாமல் பக்கப் பிழை நிகழும்போதெல்லாம் ஒரு வரி அச்சிடுமாறு செய்தேன். முதல் வரியில் காரண எண் 12, அதாவது கட்டளையை எடுக்க முடியவில்லை. முகவரி கெர்னலுக்குள்ளேயே இருந்தது. அடுத்த வரியில் அதே 12, முகவரி 0. அதற்கடுத்தும் 0, மறுபடியும் 0. பக்க அட்டவணையை இயக்கிய மறுகட்டளையிலேயே பிழை எழுந்திருக்கிறது. எக்ஸ்வி6 அந்தக் கட்டத்தில் பிழையைக் கையாளும் முகவரியை இன்னும் பதிந்திருக்காது. அந்த முகவரியைச் செயலிக்குள் வைத்திருக்கும் சிறு சேமிப்பிடமான பதிவகத்தின் தொடக்க மதிப்பு என் எமுலேட்டரில் பூஜ்யம். எனவே செயலி பூஜ்யத்துக்குத் தாவியது. அங்கே பக்கம் இல்லாததால் இன்னொரு பிழை, மீண்டும் பூஜ்யம்.

காரணம் ஒரு பிட். பக்கம் தொடப்பட்டதா, எழுதப்பட்டதா என்று குறிக்க ஒவ்வொரு பதிவிலும் இரண்டு பிட்டுகள் இருக்கின்றன. அவை பூஜ்யமாக இருந்தால் செயலியே 1 ஆக்கிவிடலாம், அல்லது பக்கப் பிழை எழுப்பி அந்த வேலையை இயங்குதளத்திடம் விடலாம். விவரக்குறிப்பு இரண்டையும் ஏற்கிறது. எளிமையானது என்று நான் இரண்டாவதை எடுத்திருந்தேன். எக்ஸ்வி6 அந்த பிட்டுகளைத் தொடுவதே இல்லை. அது வழக்கமாக ஓடும் கியூஎமு என்ற எமுலேட்டர் தானாக அவற்றை 1 ஆக்கிவிடுகிறது. நானும் அப்படியே மாற்றினேன். முதல் முயற்சியிலேயே, பயனர் தட்டச்சிடுவதை வாங்கும் ஷெல்லின் டாலர் குறி வந்து நின்றது. எழுந்து ஒரு முறை வாசல் வரை போய்விட்டு வந்தேன்.

அடுத்த பிழை என்னை நான்கு இரவுகள் உட்கார வைத்தது. கெர்னலில் சிக்கல் இல்லை, ஷெல்லில் இல்லை. எக்ஸ்வி6 உடன் வரும் பெரிய சோதனை நிரல் மட்டும் கட்டளையை எடுக்க முடியாமல் செத்தது. கடைசியாக ஓடிய கட்டளைகளை அச்சிட்டுப் பார்த்தபோது, சாவுக்கு முந்தைய கட்டளை ஒரு செயற்கூற்று அழைப்பு. அது 65552 பைட் முன்னே தாவியிருந்தது. அந்தக் கட்டளையின் முகவரியில் கடைசி 12 பிட்டுகளைப் பார்த்ததும் விளங்கிவிட்டது: 4094.

ரிஸ்க்-ஃபைவில் சுருக்கப்பட்ட 2 பைட் கட்டளைகளும் உண்டு. ஆகையால் 4 பைட் கட்டளை எந்த இரட்டைப்படை முகவரியிலும் தொடங்கலாம். 4094இல் தொடங்கினால் பாதி இந்தப் பக்கத்தில், மறுபாதி அடுத்த பக்கத்தில். நான் தொடக்க முகவரியை மட்டும் மெய் முகவரியாக மாற்றி, அங்கிருந்து நான்கு பைட்டையும் ஒன்றாக அள்ளிக்கொண்டிருந்தேன். கெர்னலில் மெய்நிகர் முகவரியும் மெய் முகவரியும் ஒன்றே என்பதால் அடுத்த பக்கம் உண்மையிலேயே அடுத்து இருக்கிறது, தவறு சரியாகவே நடந்தது. பயனர் நிரலின் பக்கங்களோ நினைவகத்தில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கின்றன. நான் அள்ளிய அடுத்த இரண்டு பைட்டுகள் 01 01. விடுவிக்கப்பட்ட பக்கத்தை எக்ஸ்வி6 முழுவதும் 1 என்ற பைட்டால் நிரப்பி வைக்கும். யாருக்கும் சொந்தமில்லாத பக்கத்திலிருந்து பாதிக் கட்டளையைப் படித்திருக்கிறேன்! தாவல் கட்டளையின் மேல்பாதியில் 01 01 இருந்தால் தூரம் 65536 கூட்டல் 16 என்று வருவதைத் தாளில் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

இப்போது இரண்டு பாதிகளின் முகவரிகளையும் தனித்தனியே மாற்றுகிறேன். இரண்டாம் பாதியில் பிழை வந்தால் கட்டளையின் தொடக்க முகவரி ஒரு பதிவகத்திலும், பிழை நேர்ந்த அடுத்த பக்கத்தின் முகவரி இன்னொன்றிலும் போக வேண்டும். இரண்டும் வேறுவேறு என்பதை மறந்தால் கெர்னல் தவறான பக்கத்தைத் தேடும்.

பிறகு வேகம். ஒரு படிக்கும் கட்டளைக்குக் கட்டளையை எடுக்க மூன்று அட்டவணை வாசிப்பு, தரவுக்கு மூன்று, கட்டளையையும் தரவையும் வாசிக்கும் இரண்டும் சேர்ந்தால் எட்டு. ஒருமுறை கண்டுபிடித்த விடையைச் சேமித்துக்கொள்ளும் டிஎல்பி வேண்டும். பக்க எண்ணின் கடைசி 8 பிட்டுகளைக் குறியீடாகக் கொண்டு 256 இடங்கள் உள்ள ஓர் அணி வைத்தேன். அட்டவணை மாறியதாகக் கெர்னல் கட்டளையிடும்போது மொத்தத்தையும் துடைத்துவிடுவேன். சோதனைகள் எல்லாம் தேறின.

என் மனம் ஒப்பவில்லை. எழுத அனுமதி இல்லாத தன் சொந்தக் கட்டளைப் பக்கத்தில் எழுதிப் பார்க்கும் ஒரு குட்டி நிரலை ஓட்டினேன். அது எழுதியேவிட்டது. பெரிய சோதனை நிரலிலும் இதே சோதனை உண்டு. ஆனால் அங்கே முகவரி 0 உள்ள பக்கம் அந்த நேரத்தில் டிஎல்பியில் இருக்கவில்லை, அதனால் முழு அட்டவணையும் பார்க்கப்பட்டு அனுமதி சரியாக மறுக்கப்பட்டது. என் நிரல் முழுவதும் அந்த ஒரே பக்கத்துக்குள் அடங்கியது. ஓட்டுவதற்காகச் சேமித்த விடையையே எழுதுவதற்கும் கொடுத்திருக்கிறேன். கட்டளை எடுக்க, படிக்க, எழுத என்று மூன்று தனி அணிகளாகப் பிரித்தேன். கியூஎமுவும் இந்த மூன்றையும் பிரித்தே வைத்திருக்கிறது. எழுதுவதற்கான அணியில் இடம்பெற முழு அட்டவணையையும் கடந்தாக வேண்டும் என்பதால் 'எழுதப்பட்டது' பிட்டும் விட்டுப்போகாமல் விழுகிறது.

அதே நிரலில் இன்னொரு வரி சேர்த்தேன். டிராம்போலினுக்கு ஒரு பக்கம் கீழே கெர்னல் தன் குறிப்புகளை வைத்திருக்கிறது, பயனர் நிரல் அதைப் படிக்கக் கூடாது. படித்தேன். பதினாறு நிலையில் 8 என்று தொடங்கும் எண் ஒன்று கிடைத்தது. அது கெர்னலின் சொந்தப் பக்க அட்டவணை இருக்கும் இடம்; தொடக்கத்து 8 எஸ்வி39 முறையின் குறி. பயனர் நிலைக்குத் திரும்பும் முன் கெர்னல் அந்தப் பக்கத்திலிருந்துதான் பதிவகங்களை மீட்கிறது. அதற்காகச் சேமித்த விடை, நிலை மாறிய பிறகும் அணியில் அப்படியே இருந்தது.

இப்போது ஒவ்வொரு விடையோடும் அது எந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் சேர்த்து வைக்கிறேன். குட்டி நிரலை மறுபடி ஓட்டினேன். காரண எண் 13, படிக்க அனுமதி இல்லை, செயல்முறை கொல்லப்பட்டது. அடுத்தது லினக்ஸ். அதற்கு 2 மெகாபைட் பெரும்பக்கங்கள் வேண்டும். நிரல் எழுதியாகிவிட்டது, எக்ஸ்வி6 அவற்றைப் பயன்படுத்தாததால் இன்னும் ஒருமுறைகூட அந்த வரிகள் ஓடவில்லை.