தென்னையில் இருப்பது சொறி அல்ல

"மரத்துக்குச் சொறி பிடிச்சிருக்கும்மா, சுரண்டிட்டு மருந்து அடிச்சிடலாம்." பெசன்ட் நகரில் எங்கள் வீட்டுக்குத் தேங்காய் பறிக்க வரும் அண்ணன், அடிமரத்து வெள்ளைத் திட்டுகளைக் காட்டி வரும்போதெல்லாம் இதைச் சொல்வார். நான் விடுவதே இல்லை.

அது நோய் இல்லை, லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாக வாழ்கிற உயிர். பாசி வெயிலில் சர்க்கரை தயாரிக்கும். பூஞ்சை அதைச் சாப்பிட்டுக்கொண்டு, பாசி காய்ந்துபோகாமல் பொதிந்து வைத்திருக்கும். மரத்தை உறிஞ்ச அதற்கு வேரே கிடையாது. மழைநீரும் பனியும் காற்றில் வரும் தூசியும் போதும். இது இரண்டு உயிர்களின் கூட்டு என்று 1860களில் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் சொன்னபோது, லைக்கன் ஆய்வாளர்களிலேயே பலர் ஒப்புக்கொள்ளவில்லை.

பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் லைக்கன்தான். ஆனால் அது இலையாக விரிந்து எழும்பும், பிய்த்து எடுத்துவிடலாம். இதுவோ பட்டையோடு பட்டையாக ஒட்டிப்போன வகை. சுரண்டினால் பட்டையும் சேர்ந்துதான் வரும். மரத்துக்கு உண்மையான கெடுதல் அதுதான்!

நகை வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. வாசல் புங்கையில் அதை வைத்துப் பாருங்கள். சாம்பல் வெள்ளைப் பரப்பில், எழுத்தாணியால் கிறுக்கியது போலக் கறுப்புக் கோடுகள். சில வளைந்து, சில கிளை பிரிந்து, எல்லாம் சில மில்லிமீட்டர் நீளம்தான். கிராஃபிஸ் என்ற பேரினம் இது. ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு கறுப்பு உதடுகள், நடுவே மெல்லிய பிளவு. பூஞ்சையின் வித்துகள் அங்கிருந்துதான் வெளியேறும். மேல்தோல் உதிர்ந்த ஓர் ஓரத்தில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. அதுதான் உள்ளே இருக்கும் பாசி, ட்ரென்டிபோலியா. பச்சைப்பாசிக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் கரோட்டின் மிகுந்து ஆரஞ்சாகிவிடுகிறது. எனக்கு அன்று முழுக்க வேறு வேலையே ஓடவில்லை.

இந்த மாதிரி லைக்கன்களில் பல, வருஷத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளங்கை அகலத் திட்டு உருவாகப் பல வருஷம் ஆகும். போன பொங்கலுக்கு முன்பு எங்கள் தெரு மரங்களுக்கு இடுப்புயரம் வரை காவியும் வெள்ளையும் அடித்துவிட்டார்கள். பெயின்ட்டுக்கு அடியில் வெளிச்சம் இல்லாமல் பாசி எப்படிப் பிழைக்கும்? இரவில் வண்டி மோதாமல் இருக்கத்தான் என்றால் சாலையை ஒட்டிய மரங்களுக்கு மட்டும் அடியுங்கள், உள்ளே தள்ளி நிற்கும் புங்கைகளை விட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அடுத்த முறை அவர்கள் வரும்போது லென்ஸைக் கையில் கொடுத்துக் காட்டப்போகிறேன்.