போகாமல் விட்டால் விலகியதாகாது

போன வியாழக்கிழமை இரவு, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் தங்கிப் படிக்கிற பிள்ளை தேத்தண்ணி குடிக்கக் கீழே வந்தாள். வவுனியாப் பிள்ளை, கம்பஸ் முதலாம் வருடம். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், "புள்ளிவிபரவியலை விட்டிட்டன் அக்கா." கடிதம் எப்போது கொடுத்தாய் என்று கேட்டேன். முழித்தாள். "கடிதமோ? நான் மூண்டு கிழமையா லெக்சருக்குப் போறேல்லை, அவ்வளவுதான்."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை, ஏனென்றால் நானும் இதையேதான் செய்தேன். இரண்டாம் வருடத்தில் ஒரு பாடம் பிடிக்கவில்லை, போகாமல் நின்றுவிட்டேன், போகாதவளை அவர்களே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பெறுபேறு ஒட்டிய அன்று என் இலக்கத்துக்கு நேரே அந்தப் பாடம் அப்படியே இருந்தது, பரீட்சைக்குத் தோற்றவில்லை என்ற குறிப்போடு. யாரும் எனக்கு அநியாயம் செய்யவில்லை. பதிவில் என் பெயர் இருந்தது, அதை எடுக்கச் சொல்லி நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஆகவே முதலாம் வருடப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், போகாமல் விடுவது விலகல் இல்லை. எழுத்தில் கொடுத்து, அலுவலகம் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது விலகல்.

செமஸ்டர் தொடங்கி முதல் சில கிழமைகள் பாடம் மாற்றவும் விடவும் காலம் தருவார்கள். எத்தனை நாள் என்பது பீடத்துக்குப் பீடம் வேறு, ஹேண்ட்புக்கிலும் அறிவித்தல் பலகையிலும் திகதி இருக்கும். அதற்குள் விட்டால் பொதுவாக எந்த அடையாளமும் மிஞ்சாது. அந்தத் திகதி தாண்டினால் காரணம் சொல்லி, துறைத்தலைவர் ஊடாகப் பீடாதிபதிக்கு எழுத வேண்டும். ஏற்றுக்கொண்டால் சில இடங்களில் பெறுபேற்றுத் தாளில் விலகியதாக ஒரு குறிப்பு விழும், ஆனால் புள்ளியில் கை வைக்காது. கடிதம் எழுதாமலே விட்டால்தான் பூச்சியம் வந்து உட்காரும்.

அந்தப் பூச்சியம் என்ன செய்யும் என்று அவளுக்குக் கணக்குப் போட்டே காட்டினேன். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அதாவது பாடங்களின் பாரத்தை அளக்கிற அலகு, நாலு வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 30. அதில் 27 கிரெடிட்டுக்கு நாலுக்குச் சராசரி 3.5 தரப்புள்ளி எடுத்திருக்கிறாய், மிச்சம் 3 கிரெடிட் பாடத்துக்குப் பூச்சியம் என்று வை. 27-ஐ 3.5 ஆல் பெருக்கினால் 94.5, அதை 30 ஆல் பிரித்தால் 3.15. இரண்டாம் வகுப்பு மேல் பிரிவுக்குப் பல இடங்களில் 3.30 வேண்டும், ஒரே ஒரு பாடத்தால் அந்த வருடம் அதற்குக் கீழே போய்விடுகிறது. அடுத்த வருடம் ரிப்பீட் எழுதலாமே என்றாள். எழுதலாம். ஆனால் பெரும்பாலும் எவ்வளவு திறமாக எழுதினாலும் ரிப்பீட்டுக்கு சி-க்கு மேல் தரமாட்டார்கள், அதாவது 2.0. அதைச் சேர்த்தால் 3.35, நூலிழையில் தப்பலாம். முறைப்படி விலகியிருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

சரி, பரீட்சை நேரம் உடம்புக்குச் சுகமில்லை என்றால்? மெடிக்கல், அதாவது வைத்தியச் சான்றிதழ் போடலாம். ஆனால் பரீட்சை முடிந்து ஆறுதலாகப் போடுகிற மெடிக்கல் எடுபடாது. குறித்த நாட்களுக்குள் பல்கலைக்கழக வைத்திய அதிகாரிக்குப் போக வேண்டும், தனியார் டொக்டர் தந்த துண்டு மட்டும் போதாது. ஏற்றுக்கொண்டால் அடுத்த முறை எழுதுவதை முதல் தடவையாகவே எடுப்பார்கள், சி-யோடு நிற்காது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் காய்ச்சலோடு போய் எழுதி ஃபெயிலான பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

வரவு 80 வீதம் என்பதையும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். அது குறைந்தால் பல இடங்களில் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். மகாபொலப் புலமைப்பரிசில் எடுக்கிறவர்களுக்கும் வரவு முக்கியம். வீட்டிலிருந்து காசு வராத பிள்ளைக்கு அந்தப் பணம்தான் அறை வாடகையில் ஒரு பகுதி.

முழுப் படிப்பையுமே விடுவது வேறு கதை, அதை நினைக்கிறவர்கள் தயவுசெய்து முதலில் யாருடனாவது இருந்து கதையுங்கள். இங்கே அரச பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில், அதாவது ஏ எல் என்கிற உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணக்கிடும் புள்ளியில் நடக்கிறது. ஒருமுறை பதிந்துவிட்டுப் பிறகு விட்டால், மறுபடி ஏ எல் எடுத்து வேறு கற்கைநெறிக்கு வருவதற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அப்பாவுக்குச் சுகமில்லை, மனசு சரியில்லை, கையில் காசில்லை என்றால் பதிவை இரத்துச் செய்ய முன்னம் படிப்பை ஒத்திவைக்க முடியுமா என்று கேளுங்கள். பல பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. கேட்கக் கூச்சம், ஆங்கிலத்தில் கடிதம் எழுதப் பயம், சிங்களத்தில் அலுவலகத்தில் கதைக்கத் தயக்கம். எனக்கும் அதுதான் இருந்தது, அந்தக் கூச்சத்துக்குத்தான் ஒரு வருடம் கொடுத்தேன்.

தனியார் நிறுவனங்களில் படிக்கிறவர்கள் பதியும்போதே கட்டணம் திருப்பித் தரும் விதியை வாசியுங்கள். விலகல் திகதி எது என்பதைக் கடிதம் கிடைத்த நாளை வைத்துத்தான் எண்ணுவார்கள், நீங்கள் கடைசியாக வகுப்புக்குப் போன நாளை வைத்தல்ல.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மேசையில் இருந்து கடிதத்தை எழுதினோம். மேலே பீடாதிபதி, அதற்குக் கீழே "ஊடாக" என்று போட்டுத் துறைத்தலைவர், பிறகு பதிவு இலக்கம், பாடக் குறியீடு, எந்தச் செமஸ்டர். காரணத்தை மூன்று வரிக்கு மேல் எழுதவிடவில்லை. அம்மாவின் சத்திரசிகிச்சை, அதற்காக வவுனியாவில் நின்ற நாட்கள், ஆஸ்பத்திரி அட்டையின் பிரதி. எவ்வளவு அழுதாள் என்பதெல்லாம் அதில் இல்லை, என்னிடம் சொன்னாள், அது போதும். காலி வீதிக் கடையில் இரண்டு போட்டோக்கொப்பி எடுத்தோம். ஒன்று கொடுக்க, மற்றது திகதி முத்திரை குத்தி வாங்கிவர. முத்திரை இல்லாத பிரதியோடு திரும்பி வராதே என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன்.

பாடம் விடுகிற திகதி அவளுக்கு ஐந்து நாளுக்கு முன் முடிந்துவிட்டது. ஏற்பார்களோ தெரியாது. திங்கட்கிழமை காலை நானும் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போகிறேன், எட்டே காலுக்கு பஸ் தரிப்பிடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.