அம்மாவின் சக்கர நாற்காலியும் கப்பல் அறைக் கதவும்

கதவு எத்தனை அங்குலம் என்ற ஒரே கேள்விக்குப் பதில் வாங்க எனக்குப் பதினோரு நாள் ஆனது.

அம்மாவுக்கு 72 வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டதால் எங்கே போனாலும் சக்கர நாற்காலிதான். தூக்கத்தில் மூச்சு தடைபடும், அதனால் ராத்திரி, முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபேப் மெஷின் வேண்டும். உவரியிலும் மணப்பாட்டிலும் கரையில் நின்று எவ்வளவோ கடல் பார்த்தவர், நடுக்கடலை ஒரு தடவை பார்க்கணும் என்று கேட்டார். சென்னையிலிருந்து கிளம்பி இரண்டு இரவு கடலிலேயே சுற்றி வரும் பயணம் என்று முடிவானது.

பாளையங்கோட்டையில் நாங்கள் பார்த்த ஏஜென்ட், "வீல்சேர்லாம் தாராளமாப் போகும்க்கா" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நாற்காலியை விரித்து, கையால் தள்ளும் வளையத்தோடு சேர்த்து டேப் வைத்து அளந்தேன்: 25 அங்குலம். அதை எழுதிக் கப்பல் கம்பெனிக்கே மெயில் போட்டு, விடாமல் கேட்டேன். சாதாரண அறைக் கதவு 23 அங்குலம்தான், குளியலறை வாசலில் வாசப்படி மாதிரி ஒரு மேடும் உண்டு என்று பதில் வந்தது. சக்கர நாற்காலிக்கென்றே உள்ள அறையில் கதவு 32 அங்குலம். மேடு கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார்ந்து குளிக்க இருக்கை எல்லாம் உண்டு. அப்படி அறைகள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான் இருக்கும். நாங்கள் கேட்ட தேதியில் காலி இல்லை, பயணத்தையே ஒரு மாதம் தள்ளிவைத்தோம். அந்த இரண்டு அங்குலத்தைக் கவனிக்காமல் போயிருந்தால் ஒவ்வொரு தடவையும் அம்மாவை யாராவது தூக்கி உள்ளே விட்டிருக்கணும். தன்னை யாரும் தூக்குவதை அம்மாவால் தாங்க முடியாது.

நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு நாள் முன்னாடியே சென்னை போய் அக்கா வீட்டில் தங்கினோம். துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்கிறார்கள், அவை அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதனால் சிபேப் மெஷின், மாத்திரை, டாக்டர் கடிதம் மூன்றும் என் கைப்பையில். மெஷினில் ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை முன்கூட்டியே கேட்டிருந்தோம், அறையில் வைத்திருந்தார்கள்.

தப்பு ஒன்று செய்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் இருக்காதே என்று வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துப் போனேன், சோதனையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது சர்ஜ் காப்பு, அதாவது மின்சாரம் திடீரென்று ஏறினால் தடுக்கும் அமைப்பு, உள்ளது. கப்பலின் மின் இணைப்பு வீட்டில் இருப்பது போல இல்லை, அதில் இந்த வகைப் பெட்டி சூடேறித் தீப்பிடிக்கலாம் என்றார்கள். கப்பலிலேயே ஒரு வயர் தந்தார்கள். மின்சார ஒத்தடப் பட்டையும் கூடாது என்று முதலிலேயே தெரிந்திருந்ததால் ரப்பர் வெந்நீர்ப் பை கொண்டுபோனோம். வெந்நீர் கேட்டபோதெல்லாம் கிடைத்தது.

அம்மா கேட்டது வேறு. "ஏட்டி, பாயை எடுத்துட்டியா?" பத்தமடைப் பாய். இந்தக் காலோடு தரையில் படுக்க முடியாது என்பதால் வீட்டிலும் மெத்தைமேல் விரித்துத்தான் படுப்பார். ஏசி அறைக்கு எதற்கு என்று அண்ணன் சொன்னான். நான் சுருட்டி எடுத்துக்கொண்டேன். முதல் ராத்திரி அம்மா அசையாமல் தூங்கினார்.

கிளம்புமுன் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. ஆபத்து நேரத்தில் லிப்ட்டை நம்பக்கூடாது என்பதால், அம்மாவைப் படியில் இறக்க ஆள் வேண்டும் என்று அங்கேயே பெயர் எழுதிக் கொடுத்தேன். இதை என்னிடம் யாரும் வந்து கேட்கவில்லை, நாமே போய்ச் சொல்லணும்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு அறைக்கு வெளியே கப்பல் லேசாகச் சாய்ந்தது. ஒரு பக்கப் பிரேக் மட்டும் போட்டிருந்தேன். நாற்காலி அரை வட்டம் திரும்பிச் சுவரில் முட்டியது. அடி ஒன்றும் இல்லை, ஆனால் என் கை நடுங்கிவிட்டது.

கடைசி நாள் விடியும் முன்னே மேல்தளத்துக்குக் கூட்டிப் போனேன். சுற்றி எந்தப் பக்கமும் கரை இல்லை. அம்மா வெகுநேரம் பேசவே இல்லை. அப்புறம் கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"ஏட்டி, ரெண்டு பக்கமும் பிரேக் போட்டுட்டியா?"

"போட்டாச்சும்மா."

"அப்ப நீயும் உட்காரு."