ஜேஎல்பிடி வாசிப்புப் பகுதிக்கு யோஷிமுராவின் இசை

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்2 நிலை எழுதப் போகிறவர்கள் கான்ஜியை, அதாவது ஜப்பானியத்தில் வரும் சீன எழுத்துகளை, நினைத்துத்தான் பெரும்பாலும் பயப்படுவார்கள். ஆனால் ஆளைச் சாய்ப்பது வாசிப்புப் பகுதி. சொல், இலக்கணம், வாசிப்பு எல்லாம் சேர்த்து 105 நிமிடம். கடைசியில் நீண்ட பத்திகளுக்கு வரும்போது தலை கிறுகிறுத்துவிடும். மொத்தத்தில் தேர்ச்சிக்கான 90 மதிப்பெண்ணைத் தாண்டியிருந்தாலும், வாசிப்பில் 60-க்கு 19 எடுக்காவிட்டால் தேர்ச்சி கிடையாது. அதனால் எழுந்து போகாமல் உட்கார்ந்து படிக்கும் பழக்கம்தான் முதலில் வேண்டும். எனக்கு அது வந்தது ஹிரோஷி யோஷிமுராவின் இசையைப் போட்டுக்கொண்டு படித்ததில்.

யோஷிமுரா (1940–2003) ஜப்பானிய இசையமைப்பாளர், யோகோஹாமாக்காரர். 1982-ல் வந்த 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்' இசைத்தட்டிலிருந்து தொடங்குங்கள். மேகம் நகர்வது, கோடையில் மரநிழல், மழைச் சத்தம், ஊருக்குள் விழும் பனி என்று மனதில் பட்டவற்றைச் சின்னச் சின்ன இசைத் துணுக்குகளாக்கி, அவற்றையே லேசாக மாற்றி மாற்றி வாசித்திருக்கிறார். டோக்கியோவின் ஷினகாவா பகுதியில் இருந்த ஹாரா அருங்காட்சியகத்தின் ஜன்னலும், அதன் வழியே தெரிந்த மரங்களும் அவர் மனதில் இருந்தன. அங்கே ஒலிக்கவிடத்தான் முதலில் கொடுத்தார். ஓவியம் பார்க்க வந்தவரின் கவனத்தைக் கெடுக்காத இசை, புத்தகத்தோடு உட்கார்ந்தவரையும் தொந்தரவு செய்வதில்லை.

அதில் 'பிளிங்க்' என்பதை மட்டும் ஒருமுறை புத்தகம் இல்லாமல் கேட்டுப் பாருங்கள். எலெக்ட்ரிக் பியானோவில் ஒரு சின்னச் சொற்றொடர் மாதிரி சில சுரங்கள். டிரம்ஸ் இல்லை. சுரம் காற்றில் தேய்வதற்கு இடம் விட்டு அடுத்தது வருகிறது. அடுத்து என்ன என்ற பரபரப்பே எழுவதில்லை. கொஞ்ச நேரத்தில் நம் மூச்சும் நிதானமாகிவிடும். பத்தியின் முதல் வரியைத் தாவாமல் படிப்போம். என்2-வில் விடையைத் தவறவிடுவது பெரும்பாலும் அந்தத் தாவலில்தான்.

ஒலியை மின்விசிறிச் சத்தத்துக்குக் கீழே வையுங்கள். ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கரே போதும். கடிகாரம் பார்க்காமல், தட்டு முழுவதும் ஓடி முடியும்வரை ஒரு அமர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டல் பயிற்சிக்கும், வாய்விட்டுச் சொல் மனப்பாடம் செய்வதற்கும் இதைப் போடாதீர்கள், இரண்டும் கெடும். தேர்வு நெருங்கிவிட்டால் முழு மாதிரித் தேர்வுகளை அமைதியிலேயே எழுதுங்கள். கூடத்தில் பியானோ கேட்காது, பக்கத்து மேசைக்காரரின் இருமல்தான் கேட்கும்.

அப்புறம், அவருடைய 'கிரீன்' (1986) இசைத்தட்டைத் தேடும்போது கவனம். அமெரிக்க வெளியீட்டில் இயற்கை ஒலிகளைச் சேர்த்துவிட்டார்கள். படிக்கிறவர்களுக்கு அவை இல்லாத ஜப்பானியப் பதிவுதான் சரி. அதே ஆண்டு மிசாவா ஹோம்ஸ் என்ற வீடு கட்டும் நிறுவனத்துக்காக அவர் செய்த 'சரவுண்ட்' அருமையானது. ஆனால் அதைத் தேர்வு முடிந்த அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தோடு கேட்டால் எனக்குத் தூக்கம்தான் வந்தது.